தோட்டாவுக்கு வெயில் ஆகாது

துப்பாக்கித் தோட்டாக்களுக்குக் குடை பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நடந்துபோன மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் காரைக்காலில் இருந்தார். இதை எந்தக் கோயில் வாசலிலும் சூடம் அணைத்துச் சொல்ல நான் தயார். சித்திரை மாதம், வெயில் மண்டையைப் பிளக்கிறது, அவர் தலையில் ஒரு துண்டுகூட இல்லை. குடை முழுக்க இடது கையிலிருந்த எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்கு மேலே இருந்தது. எதிரே வந்தவர்கள் உள்ளே ஐஸ்கிரீம் இருப்பதாக நினைத்தார்கள்.

ஊரில் அவருக்குப் பெயர் தெர்மாமீட்டர். ஆதார் அட்டையில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்போம். சொல்தாக்களுக்கு இங்கே பஞ்சமில்லை. மற்ற சொல்தாக்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருந்தார்கள், இவர் தெர்மாமீட்டர் வைத்திருந்தார். காய்ச்சல் பார்க்கிறது இல்லை. காற்றின் சூட்டைப் பார்க்கிறது, மரச்சட்டம் போட்டு ஒரு சாண் நீளத்துக்கு இருக்கும். மீன் மார்க்கெட்டில் நின்றால் அதை எடுத்துக் காற்றில் பிடிப்பார். கோட்டுச்சேரி பஸ்ஸில் ஏறினால் ஜன்னலோரம் பிடிப்பார். சர்ச்சில் பூசைக்குப் போனால், பிரசங்கத்தின் நடுவே பெஞ்சுக்கு அடியில் வைத்துப் பார்த்துவிட்டு நோட்டில் குறித்துக்கொள்வார். பிரசங்கத்தைத்தான் இவ்வளவு பக்தியாகக் குறிக்கிறார் என்று நினைத்த பாதிரியார், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் அவரைப் பாராட்டிவிட்டார். அவரும் எழுந்து நின்று வணங்கி ஏற்றுக்கொண்டார்.

எனக்கு அவரிடம் அகப்படும் யோகம் எப்படி வந்தது என்றால், நான் அப்போது அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. பல வருஷம் ரேஷன் கார்டு பிரிவில் நிம்மதியாக இருந்தவனைத் தூக்கித் துப்பாக்கி உரிமப் பிரிவில் போட்டார்கள். எனக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு தீபாவளி ரோல் கேப்போடு முடிந்துபோன ஒன்று. முதல் வாரமே, உரிமம் புதுப்பிக்க இவர் வந்தார். நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் என் மேஜைமேல் தெர்மாமீட்டரை நட்டு வைத்தார். இரண்டு நிமிஷம் நானும் அவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"முப்பத்தாறு," என்றார். "உங்க ஆபீஸ்ல தோட்டா வைக்கக் கூடாது முசியே."

முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. அவருக்கு எல்லோரும் முசியே, பால்காரர் உட்பட.

"இங்க யாரும் தோட்டா வைக்கலைங்க. ஃபைலுதான் வைக்கிறோம்."

"ஃபைலுக்கு முப்பத்தாறு பரவாயில்ல. தோட்டாவுக்கு ஆவாது. உள்ள பிரஷர் ஏறிப்போவும்."

"எதுக்குள்ளங்க?"

அவ்வளவுதான் நான் கேட்டது. அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டை நான் மூன்றரை மணிக்குத்தான் சாப்பிட்டேன்.

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்த மட்டும் இதுதான். தோட்டா என்பது ஒரு பித்தளைக் கூடு. உள்ளே மருந்து, வாயில் குண்டு, அடியில் பொட்டு மாதிரி ஒரு கேப்பு. கேப்பில் ஊசி தட்டினால் மருந்து எரியும். எரிந்த புகைக்கு இடம் போதாமல் பிரஷர் ஏறி, குண்டை வெளியே தள்ளும். இதுவரைக்கும் சரி. ஆனால் அதே மருந்து, அதே எடை, அதே குண்டு என்றாலும், குளிரில் கிடந்த தோட்டா சாதுவாக இருக்கும், வெயிலில் கிடந்த தோட்டா முரடாகிவிடும். சூடேறிய மருந்து வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் பிரஷர் கூடும். பனி பெய்கிற ஊரில், 'இதற்குமேல் ஒரு துளி மருந்து தாங்காது' என்று பார்த்துப் பார்த்துத் தயாரித்த தோட்டாவை வெயில் ஊருக்குக் கொண்டுவந்து சுட்டால், பிரஷர் எல்லை தாண்டிவிடும். கூடு விரியும், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட் இறுகிக்கொள்ளும், நேரம் கெட்டிருந்தால் துப்பாக்கியே சுட்டவர் முகத்தில் வெடிக்கும்.

"புரியுதா முசியே?"

"குக்கர் மாதிரிங்களா?"

அவர் முகம் மலர்ந்தது. "அதேதான்!"

"அப்ப எத்தனை விசில் வருங்க?"

மலர்ந்த முகம் கூம்பிவிட்டது. தெர்மாமீட்டரை எடுத்துப் பையில் செருகிக்கொண்டு, மறுநாள் வந்து முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுநாள் காற்றின் ஈரம் சேர்ந்துகொண்டது. ஈரத்தில் மருந்து சோம்பேறியாகிவிடுமாம், காய்ந்து போனால் கோபக்காரனாகிவிடுமாம். அப்படியானால் வெயிலும் ஈரமும் சேர்ந்தே அடிக்கிற காரைக்காலில் அது சோம்பேறியா, கோபக்காரனா என்று கேட்டேன். அவர் வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "அதான் முசியே பதினோரு வருஷமா அளந்துக்கிட்டு இருக்கேன்," என்றார். நான் ரேஷன் கார்டு பிரிவை நினைத்துப் பெருமூச்சு விட்டேன்.

இத்தனை அளப்பும் எதற்காக? வெறும் இருபது தோட்டாக்களுக்காக. பிரான்சில் ஏதோ ஒரு மலையோர ஊரில், ரிட்டையர் ஆனபின் அவர் துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்றில் இருந்திருக்கிறார். கடைத் தோட்டா அவருக்கு ஆகாது. வீட்டிலேயே தயாரித்துக்கொள்வார். சமையலறை மேஜையில் ஒரு சின்னத் தராசு. இவர் நோட்டைப் பார்த்துக் கணக்கைச் சத்தமாகப் படிப்பார். மருந்தை நிறுத்துப் போடுவது அவர் மனைவி. அந்த அம்மாளை அவர் எல்லோர் எதிரிலும் "மதாம்" என்றுதான் அழைப்பார், அதனால் தெருவுக்கே அவர் மதாம் ஆகிவிட்டார். மதாம் நெரவிப் பக்கத்துப் பெண். ஒரு சிட்டிகை உப்பு எவ்வளவு என்று கை பார்த்தே சொல்லும் குடும்பம். பதினேழு குளிர்காலம் அந்த மேஜையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ஊர் திரும்பும் முன் கடைசிக் குளிர்காலத்தில் தயாரித்த இருபதைத்தான், உரிய அனுமதிச்சீட்டுகளோடு, துப்பாக்கியோடு கொண்டுவந்துவிட்டார்.

கொண்டுவந்தபின்தான் புத்திக்கு உறைத்திருக்கிறது, அந்தக் கணக்கு பனிக்குப் போட்ட கணக்கு என்று. அன்றுமுதல் அந்த இருபதையும் சுடுவதற்கேற்ற குளிர்நாள் ஒன்றுக்காகக் காத்திருந்தார். காரைக்காலில்! மார்கழி விடியலில் நாங்களெல்லாம் மப்ளர் கட்டிக்கொண்டு பல் தந்தியடிக்க நிற்கும்போது, அவர் மட்டும் முண்டா பனியனோடு வாசலில் நின்று தெர்மாமீட்டரைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார். "இருபத்திரெண்டு! இதெல்லாம் ஒரு குளிரா முசியே? வெக்கமா இல்ல?" என்னவோ நான்தான் குளிரைப் பதுக்கி வைத்திருப்பதாக நினைப்பு.

இப்படியே போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது. தேர்தல் வந்தது. தேர்தல் அறிவித்தால் உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியையும் தோட்டாவையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அதற்கு முந்தைய தேர்தல்களின்போது அங்கே வெயில் இறங்காத ஒரு காரைக்கட்டு அறை இருந்தது. இந்தத் தடவை அதை இடித்துவிட்டு, கல்நார் ஓடு போட்ட அறையை ஆயுத அறையாக்கியிருந்தார்கள். அந்த வகையில்தான் நான் முதலில் சொன்ன குடை ஊர்வலம் நடந்தது.

அறைக்குப் பொறுப்பு ஒரு ஏட்டு. சுரக்குடிக்காரர், பரோபகாரி. எங்கள் சொல்தா அந்த அறைக்குள் தெர்மாமீட்டரை நீட்டிப் பார்த்துவிட்டு, "முப்பத்தொம்பது!" என்று அலறினார். வேறு இடம் இல்லை என்றார் ஏட்டு. அன்றுமுதல் தினமும் காலையும் மத்தியானமும், ஜெயிலில் இருக்கும் மருமகனைப் பார்க்கப் போகிற மாமனாராக, அவர் ஸ்டேஷனுக்குப் போய் வந்தார். மத்தியானம் போகும்போது சில நாள் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். அரசாங்க சாட்சி வேண்டுமாம்.

அப்படி ஒரு மத்தியானம் நாங்கள் போனபோது ஆயுத அறை திறந்து கிடந்தது. ஏட்டு மொட்டை மாடியில் இருந்தார். ஏறிப் போனோம். மாடி நடுவே தினத்தாள் விரித்து, அதன்மேல் இருபது தோட்டாக்களும் வரிசையாகக் கிடந்தன. சித்திரை வெயில். ஏட்டு குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார், ஒரு பக்கமே காய்ந்துவிடக் கூடாதே என்று.

சொல்தாவின் வாயிலிருந்து பிரெஞ்சு வந்தது. என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் பாதிரியார் பாராட்டக்கூடிய வார்த்தைகள் இல்லை.

"என்னாய்யா பண்ணுறீங்க? என்னா பண்ணுறீங்க?"

"நல்லதுதாங்க பண்ணேன்," என்றார் ஏட்டு, திகைத்துப்போய். "கடலோர ஊரு. வெடி நமுத்துப் போயிருக்கும்ல? எங்க வீட்டுல தீவாளிக்கு முந்தி ரெண்டு நாளு இப்படித்தான் மாடில காயப்போடுவோம். ஒண்ணுகூட புஸ்ஸுன்னு போவாது. டமார் டமார்னு வெடிக்கும்."

"அதான்யா என் பயமே!"

உண்மையைச் சொன்னால், எனக்கு ஏட்டு செய்ததில் ஒரு தப்பும் தெரியவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் காயப்போடுவோம். நம் பக்கத்தில் பிறந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் வெடிக்கு வெயில்தான் வைத்தியம் என்று சொல்லும். சொல்தா மண்டியிட்டு, தன் சட்டையைக் கழற்றித் தோட்டாக்களின் மேல் போர்த்தி நிழல் செய்தார். தொட வேண்டாம், அதுவாக ஆறட்டும் என்றார். மூன்று பேரும் அந்தச் சட்டையைச் சுற்றி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். என் உள்ளங்கால் கொப்பளித்தது.

ஏட்டுக்கு மனசு கேட்கவில்லை. செய்த பாவத்தைக் கழுவ மறுநாளே பரிகாரம் செய்துவிட்டார். அவர் மச்சானுக்கு மீன் வியாபாரம். வெயில்தானே ஆகாது என்று, மச்சானுடைய ஐஸ் பெட்டியை ஸ்டேஷனுக்கே வரவழைத்து, தோட்டாக்களை அதற்குள் வைத்துவிட்டார். போய்த் திறந்து பார்த்தோம். சொல்தா தெர்மாமீட்டரை உள்ளே விட்டார். அது சரசரவென்று இறங்கியது. "நாலு!" என்றார். கண்ணில் நீர் தளும்பிவிட்டது. "நாலு, முசியே! எங்க சங்கத்துல சனவரி மாசம் இதான்!" பதினோரு வருஷமாகத் தேடிய குளிர் வஞ்சிரத்துக்கும் கொடுவாவுக்கும் நடுவே கிடைத்துவிட்ட சந்தோஷம், அவர் ஒரு தோட்டாவை வெளியே எடுக்கும்வரை நீடித்தது. எடுத்த மறுகணம் அதன்மேல் முத்து முத்தாக வேர்த்துவிட்டது.

"ஈரம்!" என்று கத்தினார்.

"வெயிலும் கூடாது, குளிர்ச்சியும் கூடாதுன்னா நான் எங்கதாங்க வைக்கிறது?" ஏட்டு கிட்டத்தட்ட அழுதேவிட்டார். "எங்க வீட்டுப் பச்சப்புள்ளயக்கூட நான் இப்படிப் பாத்ததில்ல."

இருவரும் கைக்குட்டையால் ஒவ்வொரு தோட்டாவையும் துடைத்தார்கள். துடைக்கும்போதுதான் வினை வந்தது. ஏட்டு ஒன்றின் அடிப்பாகத்தைப் பார்த்தார். ஒரு கம்பெனி பெயர் இருந்தது. அடுத்ததில் வேறொரு பெயர், அதற்கடுத்ததில் இன்னொரு பெயர். கூடுகள் பழையவை, வீட்டில் திரும்பத் திரும்ப நிரப்பியவை, சந்தையில் அகப்பட்ட கம்பெனியெல்லாம் அதில் இருந்தது. பரோபகாரி என்றாலும் ஏட்டு ஏட்டுதானே. மேலிடத்துக்கு எழுதிவிட்டார். அந்தக் கடிதம் சுற்றிச் சுற்றி என் மேஜைக்கு வந்தது.

பழைய பதிவேட்டை எடுத்தேன். 'தயாரித்த கம்பெனி' என்ற இடத்தில் எனக்கு முன்னால் இருந்த புண்ணியவான் 'வெளிநாடு' என்று எழுதிவிட்டு ரிட்டையராகிவிட்டார். புதுப் படிவம் கொடுத்து, சொல்தாவைச் சரியாக நிரப்பச் சொன்னேன். கம்பெனி என்ற இடத்தில் அவர் எழுதினார்: 'மதாம். உதவி: நான்.'

எங்கள் அதிகாரி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது. கம்பெனி இல்லாத தோட்டாவை உரிமத்தில் ஏற்ற முடியாது. அழிப்பதற்குப் புதுச்சேரிக்கு அனுப்பு என்று உத்தரவு. அனுப்பலாம் என்று பார்த்தால், காரைக்காலிலிருந்து புதுச்சேரி போகிற வழியெல்லாம் தமிழ்நாடு. நம் அனுமதி அங்கே செல்லாது. அவர்களிடம் அனுமதி கேட்டு எழுதினால், எந்தக் கம்பெனித் தோட்டா என்று அவர்கள் கேட்டு எழுதினார்கள். இந்தக் கடிதப் போக்குவரத்தில் எனக்கு யார் யாருக்கு எழுதுகிறார்கள் என்பதே மறந்துபோய், ஒருமுறை எனக்கு நானே நினைவூட்டல் அனுப்பிக்கொண்டேன். கடைசியில் மேலிடம் களைத்துப்போய்ச் சொன்னது: காரைக்காலிலேயே கடலோரம் இருக்கும் காவல்துறைப் பயிற்சித் திடலில், அதிகாரி முன்னிலையில், உரிமதாரர் சுட்டுத் தீர்த்துவிடலாம். குறித்த நாளில் சுடாவிட்டால் அங்கேயே அழிக்கப்படும். குறித்த நாள், கத்திரி முடிய இரண்டு நாள் இருக்கும்போது.

விஷயத்தைச் சொன்னதும் சொல்தா முதல்தடவையாகத் தெர்மாமீட்டரை எடுக்காமல் என் எதிரே உட்கார்ந்தார்.

"மார்கழிக்குத் தள்ளிப் போடச் சொல்லுங்களேன்."

"கேட்டுட்டேங்க. தோட்டாவுக்கு ஜலதோஷமான்னு அதிகாரி கேக்குறாரு."

"வெயில்ல சுட்டா என்னா ஆவும்னு உங்களுக்குத் தெரியும். போல்ட்டுக்கும் என் கண்ணுக்கும் நாலு விரக்கடைதான்."

"அப்ப சுடாதீங்க. அவங்களே அழிச்சுடட்டும். இருபது தோட்டாதானே?"

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "மதாம் கையால போட்ட மருந்து முசியே. இனிமே நாங்க போடப் போறதில்ல. அவளுக்கும் இப்ப கை நடுங்குது. இதுதான் கடைசி. இதப் போயி தண்ணில கரச்சுக் கொட்டச் சொல்றீங்களா?"

அந்த மனிதர் கண்ணைப் பணயம் வைத்தாவது சுடப்போகிறார் என்பது மட்டும் புரிந்தது. அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

குறித்த நாள் விடியற்காலையிலேயே நாங்கள் திடலில் இருந்தோம். சொல்தா, மதாம், ஏட்டு, நான். தோட்டாக்கள் டிபன் பாக்ஸுக்குள், டிபன் பாக்ஸ் மண்பானைக்குள், பானையைச் சுற்றி ஈரக்கோணி. உள்ளே ஈரம் படக்கூடாது, வெளியே சூடு படக்கூடாது. ஆறு மணிக்கு இருபத்தெட்டு. "இப்ப விட்டா சுட்டுருவேன்," என்றார் சொல்தா. அதிகாரி வந்தால்தானே? ஏழுக்கு முப்பது. எட்டுக்கு முப்பத்திரண்டு. வாசித்துவிட்டு ஒவ்வொரு முறையும் சிலுவை போட்டுக்கொண்டார். அதிகாரி கிளம்பிவிட்டாரா என்று ஏட்டு போன் போட்டால், டிபன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்றார்கள். ஒன்பதரைக்கு முப்பத்தாறு. கோணி காய்ந்துவிட்டது.

சவுக்கு நிழலில் உட்கார்ந்து, பனைவிசிறியால் விசிறிக்கொண்டிருந்த மதாமிடம் போனேன். அந்த அம்மாள் முகத்தில் ஒரு கவலையும் இல்லை. அதுவே எனக்குக் கோபத்தைக் கிளப்பியது.

"மதாம், நீங்க சொன்னாத்தான் கேப்பாரு. வேணாம்னு சொல்லுங்க. கண்ணு போயிடும்ங்க!"

"ஒண்ணும் ஆவாது தம்பி."

"பனி ஊருக்குப் போட்ட கணக்குங்க அது!"

மதாம் கணவர் தூரத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டார். விசிறியை வாய்க்கு மறைப்பாக வைத்துக்கொண்டார்.

"அவரு படிச்ச கணக்கு அது. நான் போட்டது வேற. ஊருக்குப் போவப் போறோம், அங்க வெயிலு எப்படின்னு எனக்குத் தெரியாதா? இந்த மனுஷன் போன கையோட சுட்டுப் பாப்பாருன்னும் தெரியும். அவரு படிக்கப் படிக்க, நான் ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துட்டுத்தான் போட்டேன். இருபதும் சாது, தம்பி."

அப்படியானால் பதினோரு வருஷ அளப்பு? மார்கழிக் காத்திருப்பு? குடை?

"ஏன் மதாம் சொல்லல?"

"வந்த புதுசுல சொல்லத்தான் நெனச்சேன். அதுக்குள்ள தெர்மாமீட்டரு வாங்கிட்டு வந்துட்டாரு. அவ்வளவு சந்தோசமா இருந்தாரு. அப்புறம் எப்படிச் சொல்றது? என் கணக்கையே மாத்திட்டியான்னு மனசு ஒடஞ்சு போவாரு." என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களும் சொல்லக் கூடாது. மாதா மேல ஆணை."

நான் இந்து. இருந்தாலும் ஒத்துக்கொண்டேன்.

அதிகாரி பத்தேகாலுக்கு வந்தார். முப்பத்தெட்டு. சொல்தா நெற்றி, மார்பு, தோள் என்று சிலுவை போட்டுக்கொண்டு, மணல் மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்துப் படுத்தார். எல்லோரையும் இருபது அடி தள்ளிப் போகச் சொன்னார். மதாம் மட்டும் நகரவில்லை. அவர் திரும்பி, "மதாம், நீயும்தான்," என்றார். மதாம் ஒரு அடி நகர்ந்தார்.

முதல் தோட்டா வெடித்தது. ஏட்டு ஏமாந்துபோன முகத்தோடு என்னைப் பார்த்தார். அவர் வீட்டுத் தீபாவளி வெடி இதைவிட நன்றாகக் கேட்டிருக்கும்போல. சொல்தா போல்ட்டை இழுத்தார், வெண்ணெயாக வந்தது. கூட்டை எடுத்துப் பூதக்கண்ணாடியில் கேப்பைப் பார்த்தார். பிரஷர் அதிகமானால் கேப்பு சப்பையாகிவிடுமாம். இது உருண்டையாக இருந்தது. பிறகு எதிரே அட்டையைப் பார்த்தார். குண்டு, குறிக்கு நாலு விரற்கடை கீழே பட்டிருந்தது. பிரஷர் குறைந்தால் குண்டு அப்படித்தான் தாழ்ந்து போகுமாம்.

அந்தக் கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அப்படியே கிடந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மதாம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஈரம்!" என்று திடீரென்று கத்தினார் சொல்தா. "மதாம், பாத்தியா? காரைக்கால் காத்துல ஈரம். வெயிலு ஏத்துன பிரஷர ஈரம் எறக்கிடுச்சு. நான் சொல்லல?"

"ஆமா, நீங்கதான் அப்பவே சொன்னீங்க," என்றார் மதாம்.

அதன்பின் அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு தோட்டாவையும் கையில் எடுத்து, துடைத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போட்டார். முடிய மதியம் ஒன்றரை ஆகிவிட்டது. அதிகாரி ஜீப்பில் தூங்கிப்போனார். காலிக் கூடுகளை எண்ணி, இருபதையும் எழுதி வாங்கி, ஏட்டு பையில் போட்டுக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து சொல்தா என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் புதிதாக இன்னொரு கருவி. காற்றின் ஈரத்தை அளப்பதாம். ஆன்லைனில் வரவழைத்திருக்கிறார். என் மேஜைமேல் தெர்மாமீட்டருக்குப் பக்கத்தில் அதையும் நட்டார்.

"தோட்டாதான் தீந்துபோச்சே, இனிமே எதுக்குங்க அளக்குறீங்க?"

கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஈரந்தான் காரணம்னு மதாம்கிட்ட சொல்லிட்டேன்ல? இப்ப அளக்கலைன்னா நம்புவாளா?" குரலை இறக்கினார். "முசியே, ஈரம் அவ்வளவு குறைக்காது. கூடு நல்லா அடைச்ச கூடு. மருந்துதான் கம்மி. முதல் தோட்டாவுலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வேணும்னே கொறச்சுப் போட்டிருக்கா."

"கோவமாங்க?"

"கோவமா? இருபது தோட்டா, முசியே. இருபது தடவ என் கண்ண நெனச்சிருக்கா." இரண்டு கருவிகளையும் துடைத்துப் பையில் செருகிக்கொண்டார். "எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேணாம். சங்கடப்படுவா. சத்தியம் பண்ணுங்க."

அதையும் பண்ணினேன். அன்றிலிருந்து அவர்கள் வீட்டுக்குப் போனால் எனக்குத் திண்டாட்டம்தான். அவர் ஈரப்பதத்தை விளக்குவார், மதாம் ஆமாம் ஆமாம் என்று காப்பி கொடுப்பார், இரண்டு பேரும் தனித்தனியாக என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார்கள். யாரிடம் எதைச் சொல்லக்கூடாது என்ற குழப்பத்தில் நான் அந்த வீட்டில் வானிலையைப் பற்றிக்கூட வாய் திறந்ததில்லை.

போன வருஷம் அவர் போய்விட்டார். அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபின், மதாம் என்னைத் தனியே அழைத்து, "கடைசிவரைக்கும் அந்த மனுஷன ஏமாத்திட்டேனே தம்பி," என்று அழுதார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சத்தியத்தை நினைத்து மரமாக நின்றுவிட்டேன். அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே எரிச்சலாக வருகிறது. செத்தவருக்குக் கொடுத்த சத்தியமா, உயிரோடு இருப்பவரின் கண்ணீரா என்று இத்தனை மாதம் யோசித்ததே தண்டம்.

மதாம், இந்தப் பத்திரிகையை நீங்கள் வாரம் தவறாமல் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நேரில் சொல்லத் தைரியம் இல்லாததால்தான் இவ்வளவு சுற்றி வளைத்து எழுதினேன். நீங்கள் அவரை ஏமாற்றவில்லை. முதல் தோட்டாவிலேயே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மீதிப் பத்தொன்பதையும் அவர் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு, ஆசை ஆசையாகச் சுட்டது அதனால்தான்.